சான்டா பவுலாவில் குட்டிக்கரணம்

2024 மார்ச் 2, சனி

கலிபோர்னியாவின் சான்டா பவுலா விமான நிலையம். கட்டுப்பாட்டுக் கோபுரம்கூட இல்லாத ஊர், சுற்றிலும் எலுமிச்சைத் தோப்பு. விமானத்தில் குட்டிக்கரணம் அடிக்கப் பயிற்சி. வண்டி 180 குதிரைத்திறன் சூப்பர் டெகாத்லான், சாகசத்துக்கான சிறு விமானம். முன்னால் நான், பின்னால் பயிற்சியாளர். பேனா, சில்லறை, சாவி எல்லாவற்றையும் பையிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டு, பாராசூட்டை மாட்டிவிட்டார். வாயில் இஞ்சி மொரப்பா.

செஸ்னா என்ற சாதாரணச் சிறு விமானத்தில் நூறு மணி நேரம் ஓட்டியிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். "அப்போ கால் தூங்கிக்கிட்டிருக்கும்" என்றார். உண்மைதான். ஸ்டிக்கை இடதுபக்கம் சாய்த்தால் மூக்கு முதலில் வலதுபக்கம் ஓடுகிறது, அதைப் பெடலால் பிடிக்க வேண்டும். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 9

ஸ்பின், அதாவது சுழன்றபடியே கீழே விழுவது. 5,000 அடியில் பவரைக் குறைத்து, மூக்கைத் தூக்கி, வண்டி தளரும் நொடியில் இடது பெடலை முழுக்க மிதித்தேன். தோப்பெல்லாம் கிரைண்டரில் மாவு மாதிரி சுற்றியது. மீள்வதற்கு வரிசை உண்டு: பவரைக் குறை, அய்லரானை (ஸ்டிக்கைச் சாய்த்தால் அசையும் இறக்கை மடல்) நடுவில் வை, சுற்றுக்கு எதிர்ப்பக்க ரட்டரை (வால் துடுப்பை அசைக்கும் பெடல்) மிதி, ஸ்டிக்கை முன்னால் தள்ளு. நூறு தடவை ஒப்பித்துவிட்டுத்தான் போனேன், ஆனாலும் கை தானாக ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் சாய்த்தது, அது நிலைமையை மோசமாக்கும் என்று தெரிந்தும்! பின்னாலிருந்து ஒரே குரல்: "கால்!"

மார்ச் 16

ரோல், அதாவது பக்கவாட்டில் ஒரு முழு உருளல். தலைகீழாகத் தொங்கும்போது தரைத் தூசி முழுக்கக் கூரைப் பக்கம் கொட்டியது, கொஞ்சம் என் கண்ணில். அந்த நிலையில் பயந்து ஸ்டிக்கை இழுத்தால் மூக்கு நேராக மண்ணைத்தான் பார்க்கும், தள்ள வேண்டும். இழுத்தேன். திட்டு வாங்கினேன்.

மார்ச் 30

மேகம். பறக்கவில்லை.

ஏப்ரல் 6

லூப், அதாவது மேலே ஏறிக் கவிழ்ந்து கீழே வரும் முழு வட்டம். மணிக்கு 140 மைல் வேகத்தில் ஸ்டிக்கை இழுத்தால் கிட்டத்தட்ட 4 ஜி, அதாவது 70 கிலோ ஆள் 280 கிலோ ஆகிறான். காலையும் வயிற்றையும் இறுக்காவிட்டால் ரத்தம் கீழே இறங்கிக் கண் மங்கிவிடும். உச்சியில் பிடியைத் தளர்த்தாவிட்டால் வட்டம் மேலே சுருங்கிப்போகும், அங்கே வேகமும் குறைந்து மூக்கு இடதுபக்கம் நழுவும், வலது பெடல் வேண்டும். முதல் இரண்டு லூப்பிலும் கீழே நேராகப் பார்த்துவைத்த சாலை எங்கோ போய்விட்டது. மூன்றாவதில் சாலை மூக்குக்கு நேரே வந்தது, உடனே வண்டி வேகத்தடையில் ஏறியது மாதிரி ஒரு குலுக்கல்.

பதறிப்போய்த் திரும்பினேன். "நம்ம வண்டி கலக்கிவிட்ட காற்றுதான், தொடங்கின இடத்துக்கே வந்திருக்கே" என்று சிரித்தார்.

இறங்கியதும் வாந்தி. மொரப்பா ஒன்று பத்தாது போல.