சம்பந்தி வீட்டார் என்ன சொல்வாங்க

"உள்ளே படுத்தா எனக்கென்ன கண்ணு, பெரியவளைக் கொடுத்த இடத்துல என்ன சொல்வாங்க?"

பக்கத்து வீட்டுப் பாட்டி. சின்னப் பேத்தி வயதுக்கு வந்து மூன்று நாள். கோத்தகிரி குளிரில், திண்ணையைத் தார்ப்பாயால் அடைத்துப் பிள்ளையை அங்கே படுக்க வைத்திருக்கிறார்கள். கால்மாட்டில் தனித் தட்டு, தனி டம்ளர். காபி ஆறி ஆடை கட்டியிருந்தது.

கோபம்தான் வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. (எனக்கே ஆச்சரியம்.)

செனகல் நாட்டு இமாம் டெம்பா டியாவாராவின் ஞாபகம் வந்துவிட்டது.

பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கம் அங்கே. 1997-இல் மாலிகுண்டா பம்பாரா ஊர்ப் பெண்கள் 'இனி இல்லை' என்று அறிவித்தார்கள். இவரோ, ஒரு ஊர் விட்டால் போதாது, பெண் கொடுத்து எடுக்கிற ஊர்களெல்லாம் சேர்ந்து விட வேண்டும் என்றார். வெட்டாத பெண்ணை யார் கட்டுவார்கள் என்ற பயம்தானே கத்தியைப் பிடித்திருக்கிறது? சொந்தக்காரர்களின் ஊர்களுக்கு நடந்தே போய்ப் பேசினார். 1998-இல் 13 ஊர்கள் சேர்ந்து கைவிட்டன. சட்டம் அதற்கடுத்த வருடம்தான் வந்தது.

பெற்றவர்கள் மகளின் நல்லதுக்கென்று நம்பித்தான் அதைச் செய்தார்கள். எனக்கு இன்னும் ஜீரணிக்க முடியாத விஷயம் அது.

தார்ப்பாயும் கத்தியும் ஒன்றல்ல, தெரியும். பயம் மட்டும் ஒரே ஜாடை.

"சம்பந்தி எந்த ஊர் பாட்டி?"

"கட்டபெட்டு. ஏன்?"

"அங்கேயும் ஒரு பாட்டி இருப்பாங்கல்ல?"

"இருக்கா. என்னைவிட மோசம்."

சரி, ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறுகிறோம்.