ஓரி மாதிரி ஓரி

போன வருடப் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பசியாறிவிட்டு வெளியே வந்தேன். அஞ்சடியில், அதாவது கடை வரிசைக்கு முன்னால் உள்ள நடைபாதையில், ஐம்பது காசு ஒன்று கிடந்தது. யாரோ தவறவிட்டது. எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு நொடி யோசித்து, எடுக்கக் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்த கைப்பேசி வழுக்கி விழுந்தது. குனிந்திருந்தபடியால் முழங்கால் உயரம்கூட இருக்காது. அதே கைப்பேசி அதற்கு முன் வீட்டு மாடிப்படியில் நாலு படி உருண்டு, கீறல்கூட இல்லாமல் எழுந்து வந்தது. இந்தத் தடவை மேல் மூலையில் ஒரு புள்ளி, அதிலிருந்து சிலந்தி வலை. ஐம்பது காசை எடுத்தேனா என்று கேட்காதீர்கள். எடுத்தேன்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். ஐந்தாம் ஆண்டுக்கு அறிவியல் எடுப்பவன் என்பதால், ஏன் அன்று உடையாமல் இன்று உடைந்தது என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசனை. இந்தக் கண்ணாடியைச் செய்யும் முறை எனக்குப் பிடித்த விஷயம். அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1960களிலேயே பலமான கண்ணாடி செய்து பார்த்து, வாங்க ஆளில்லாமல் மூட்டை கட்டி வைத்தது. 2007இல் முதல் ஐஃபோன் வந்தபோதுதான் அந்த வழிக் கண்ணாடிக்கு மவுசு வந்தது. ஏறக்குறைய 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் உப்பில் கண்ணாடியை ஊற வைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சின்னச் சோடியம் அயனிகள் வெளியே வர, அந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகள் போய் உட்காருகின்றன. எல்ஆர்டி ரயிலில் ஒரு பிள்ளை எழுந்த இருக்கையில் என்னைப் போன்ற உடம்புக்காரர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எப்படி நெருக்கிக்கொள்வார்களோ, அதே கதை. அந்த நெருக்கம்தான் பலம். ஆனால் நெருக்கம் மேல்தோலில் மட்டும்தான். ஒரு மணல் துகள் அந்தத் தோலைத் தாண்டிக் குத்திவிட்டால் உள்ளே இழுவிசை காத்துக்கொண்டிருக்கிறது. படியில் தட்டையாக விழுந்து தப்பியது, அஞ்சடியில் மூலையைக் கொண்டு ஒரு கல்துகள் மேல் விழுந்து போயிற்று. நாலு படிக்குத் தாங்கியது ஒரு முழத்துக்குத் தாங்கவில்லை.

இதில் முக்கியமான ஒன்று, அப்போது எனக்குத் தெரியாதது: கண்ணாடி மட்டும்தான் உடைந்திருந்தது. படம் பளிச்சென்று தெரிந்தது, தொட்டால் வேலை செய்தது, விரல் ரேகையும் திறந்தது. செலோடேப் ஒட்டி ஒரு வாரம் ஓட்டினேன். டேப்பின் விளிம்பில் தூசி கறுப்பாகச் சேர்ந்தது. கட்டைவிரலில் கண்ணாடித் தூள் ஏறி, ரசத்தில் கை வைத்தால் எரிந்தது. மனைவி, “காதில் வெச்சுப் பேசாதீங்க, ஸ்பீக்கர் போடுங்க” என்றார். பெற்றோர் பேசுவதையெல்லாம் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால் ஆசிரியர் அறை சும்மா இருக்குமா? மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

முதலில் நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போனேன். நம்பர் எடுத்து முக்கால் மணி நேரம். ஒரு வருட உத்தரவாதம் இன்னும் மிச்சம் இருந்தது, ஆனால் கீழே போட்டதற்கு உத்தரவாதம் கிடையாது. அது நியாயம்தான், சண்டை போடவில்லை. 520 வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), சாமான் வர ஏழு வேலை நாள், உள்ளே இருப்பது அழிந்துபோகலாம் என்று ஒரு தாளில் கையெழுத்து. கைப்பேசி வாங்கியதே 1,299 வெள்ளி. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இன்று நினைத்தால், அன்று யோசிக்காமல் கொடுத்திருக்கலாம்.

வீட்டுப் பக்கத்தில் கைப்பேசிக் கடை ஒன்று. பெயர் வேண்டாம். கல்லாவில் நம் பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், மரியாதையான பையன்.

“எல்சிடி மாத்தணும் தம்பி, எவ்வளவு?”

“நூத்தித் தொண்ணூறு அண்ணே. ஒரு மணி நேரம்.”

“ஓரியா?” ஓரி என்றால் ஒரிஜினல், அசல் சாமான்.

“ஓரிதான் அண்ணே. ஓரி மாதிரியேதான்.”

இந்த இரண்டாவது வாக்கியத்தை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். பிள்ளைகளிடம் கேள்வியைச் சரியாகப் படி, சரியாகப் படி என்று கத்துகிறவன் நான். விலைதான் காதில் நின்றது. பக்கத்தில் தே தாரே குடித்துவிட்டு வந்தேன், கைப்பேசி தயாராக இருந்தது. கண்ணாடி புதிது. பணத்தைக் கொடுத்தேன். ரசீதில் ‘LCD 1’ என்று ஆங்கிலத்தில் எழுதி ஒரு ரப்பர் முத்திரை, அதற்குக் கீழே ‘7 நாள்’. பழைய திரையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன், கறுப்பு கறுப்பாக இல்லை. அடுப்புக்கரியைத் தண்ணீரில் கரைத்த மாதிரி ஒரு சாம்பல். ஓரத்தில் கரை தடிமனாகியிருந்தது. காலையில் கட்டைவிரலை வைத்தால் திறக்கவில்லை. ஈரமோ என்று துடைத்து வைத்தேன். அமைப்புக்குள் போய்ப் பார்த்தால் விரல் ரேகைப் பதிவே வேலை செய்யவில்லை.

கடைக்குப் போனேன். “இந்த மாடலுக்கு எல்சிடி மாத்துனா ரேகை போயிரும் அண்ணே, அது அப்படித்தான். பின் நம்பர் போட்டுக்கங்க.” அது அப்படித்தான் என்று சொல்லும்போது அவன் முகத்தில் பொய் சொல்கிற சாயலே இல்லை. அவனுக்கே அவ்வளவுதான் தெரியும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் மாற்றுவதற்கு முன் அதைச் சொல்லியிருக்கலாமே என்றால், “நீங்க கேக்கலையே அண்ணே.”

ஒன்பதாம் நாள்தான் உண்மையான கூத்து. ஏழு நாள் முடிந்து இரண்டு நாள். மேசையில் வைத்த கைப்பேசி தானாக விசையை அழுத்த ஆரம்பித்தது. யாரும் தொடாமலேயே வாட்ஸ்அப் திறந்தது, தலைமையாசிரியருக்கு ஒரு தேங்காய்ப் படம் போனது. ஏன் தேங்காய் என்று அவரும் கேட்கவில்லை. சிரிப்பு அதோடு சரி. நான் பார்க்காத நேரத்தில் வங்கிச் செயலிக்குள் நுழைந்து தவறான எண்களைத் தட்டித் தட்டி, செயலி பூட்டிக்கொண்டது.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். 2022 செப்டம்பரில் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வரும் எண்ணை நம்பாமல் இன்னும் பாதுகாப்பான வழிக்கு மாறும்படி வங்கிகளுக்குச் சொன்னது. ஒரு கணக்குக்கு ஒரே கைப்பேசி, புதிதாகப் பதிந்தால் கொஞ்ச நேரம் காத்திருப்பு என்பதும் அதோடு வந்தவை. மோசடிக்காரர்களைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரே கைப்பேசி பேய் பிடித்து ஆடும்போது நம் பணத்துக்கு நாமே மோசடிக்காரர் ஆகிவிடுகிறோம். ரொட்டி சானாய்க் கடையில்கூட கியூஆர் ஒட்டியிருக்கும் ஊரில், மனைவியிடம் ஐம்பது வெள்ளி கைமாற்று வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

படங்களையும் பிள்ளைகளின் புள்ளிப் பட்டியலையும் காப்பாற்ற வேண்டும். திரை காட்டுகிறது, தொடலைத்தான் கேட்க மாட்டேன் என்கிறது. கணினிப் பாடம் எடுக்கும் சக ஆசிரியர் ஒரு வழி சொன்னார். எனக்குத் தெரிந்திருந்தால் வருடக்கணக்கில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். கணினி மவுஸை ஒரு சின்ன ஓடிஜி இணைப்பான் வழியாகக் கைப்பேசியின் சார்ஜர் துளையில் சொருகினால் போதும். திரையில் அம்புக்குறி வந்து நிற்கிறது! மவுஸால் பின் நம்பரை ஒவ்வொன்றாகச் சொடுக்கித் திறந்து, பேய் குறுக்கே தட்டாத இடைவெளி பார்த்து, எல்லாவற்றையும் மேகக் கணக்குக்கு ஏற்றினேன். பெரும்பாலான ஆண்ட்ராய்ட் கைப்பேசிகளில் இது நடக்கும். இணைப்பான் ஐந்தாறு வெள்ளிதான், ஒன்று வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள்.

அப்புறம் அதே சக ஆசிரியர் அனுப்பிய இடம், கடை வீட்டு மாடியில் ஒரு சீனர். ஐம்பது வயதுக்கு மேல். மலாயில்தான் பேச்சு. ஆசிரியர் என்று தெரிந்ததும் “சிக்கு” என்று கூப்பிட ஆரம்பித்தார். மலாயில் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள், தமிழ்க் காதுக்கு என் நிலைமையைச் சொன்னதுபோல் இருந்தது.

அவர் திரையை அணைத்து, எரியவிட்டு, கறுப்புப் படம் ஒன்றைக் காட்டி, மேசைக்கு அடியில் இருட்டில் பிடித்தார். “இது டிஎஃப்டி, எல்சிடி வகை. உங்கள் கைப்பேசி பிறந்தது ஓலெட்டோடு.” பிறகு சொன்னதுதான் எனக்கு இத்தனை நாள் யாரும் சொல்லாதது. எல்லாரும் எல்சிடி என்று ஒரே பெயரில் கூப்பிடுகிறோம், கடைக்காரர்களும் அப்படியே எழுதுகிறார்கள். ஆனால் ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கறுப்பு என்றால் அணைந்துவிடும். எல்சிடி வகைக்குப் பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அதனால்தான் இரவில் அந்தச் சாம்பல். என் கைப்பேசியின் ரேகை வாசிப்பான் திரைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டிக் கேமரா. திரையின் வெளிச்சம் விரலில் பட்டு, திரை வழியாகவே திரும்பி வந்தால்தான் அதற்குப் பார்வை. மலிவுத் திரையின் பின்விளக்குத் தகடு அதன் கண்ணைக் கட்டிவிட்டது. பையன் சொன்ன ‘அது அப்படித்தான்’ அந்தத் திரைக்கு மட்டும் உண்மை.

“பழையது எங்கே?” என்று கேட்டார்.

கடையிலேயே விட்டுவிட்டேன் என்றேன். படம் தெரிந்ததா, தொட்டால் கேட்டதா என்று கேட்டார். தெரிந்தது, கேட்டது. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியும் ஓலெட் தகடும் தெளிவான பசையால் ஒட்டியவை. சூடாக்கி, மெல்லிய கம்பியால் நடுவே அறுத்து, கண்ணாடியை மட்டும் உரித்துவிட்டு வேறு ஒட்டலாம். நுணுக்கமான வேலை, நடுவில் தகடு கெட்டாலும் கெடும், ஆனால் அந்த வேலைக்கென்றே உடைந்த திரைகளை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதாவது நான் ஓரியைக் கொடுத்துவிட்டு, 190 வெள்ளியையும் கொடுத்துவிட்டு, ஓரி மாதிரியை வாங்கி வந்திருக்கிறேன்.

அவரிடம் ஓலெட் திரை 340 வெள்ளி. ரசீதில் அவரே ‘ஓலெட், ரேகை சரி, 3 மாதம்’ என்று எழுதிக்காட்டிய பிறகுதான் திறந்தார். சூடு தகட்டில் கைப்பேசியை வைத்தார். பசை இளகும் வாசம், பழைய ரப்பர் செருப்பு வெயிலில் காய்ந்தால் வருமே, அது. கிட்டார் வாசிக்கும் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை இடுக்கில் விட்டு நாலு பக்கமும் சுற்றி வந்தார். புதுத் திரையை ஒட்டுவதற்கு முன்பே வயரை மட்டும் இணைத்து, என் கட்டைவிரலை வாங்கி வைத்தார். திறந்தது. விரல் நுனியை வைத்து ஒரு தடவை, விரலின் வலது ஓரத்தை வைத்து ஒரு தடவை. அதற்கப்புறம்தான் பசை. “இனி மழையில் எடுக்காதீர்கள் சிக்கு, கம்பெனி ஒட்டிய ஒட்டு போய்விட்டது.” கிளிப் மாட்டி ஒரு மணி நேரம் வைக்கச் சொன்னார்.

கணக்குப் பார்த்தால் 190ம் 340ம் 530. சேவை மையம் கேட்டது 520. இந்தப் பத்து வெள்ளிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பயனீட்டாளர் தீர்ப்பாயம் என்று ஒன்று நாட்டில் இருப்பது, பாடநூலில் நன்னெறிக்கு நடத்தியிருந்தும் எனக்கு அதுவரை உறைக்கவில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைக் கேட்கும். கட்டணம் ஐந்து வெள்ளி, வழக்கறிஞர் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும். ‘முதலாம் பாரம்’ என்ற விண்ணப்பத் தாளில் யார்மேல், எவ்வளவு, ஏன் என்று மலாயில் எழுதினேன். ரசீது, இரண்டு திரையின் கறுப்பையும் இருட்டில் எடுத்த படம், மேல்மாடிக்காரரின் ரசீது, எல்லாம் இணைத்தேன். ரசீதில் ‘ஓரி’ என்ற சொல்லே இல்லாதது என் பலவீனம் என்று தெரியும். ஆனால் வேலை செய்துகொண்டிருந்த ரேகை போகும் என்று சொல்லாமல் மாற்றியது இருக்கிறதே. பதிவு செய்து முத்திரை குத்திய நகலை எதிர்த்தரப்புக்கு நாம்தான் சேர்க்க வேண்டும். அஞ்சலில் பதிந்து அனுப்பியிருக்கலாம், நான் நேரில் கொண்டுபோனேன். கொஞ்சம் ஆசைதான்.

பையன் படித்துவிட்டு உள்ளே போய் முதலாளியைக் கூப்பிட்டான். அவர் ஒரு வார்த்தை வாதாடவில்லை. நீதிமன்ற வாசனை வந்த தாளைப் பார்த்ததும் 190 வெள்ளியை எண்ணி மேசையில் வைத்தார். கோரிக்கையை மீட்டுக்கொள்வதாக எழுதிக் கொடுத்தேன்.

“என் பழைய திரை?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் அப்பவே குப்பையில போட்டாச்சு அண்ணே. ஆனா நாங்க போட்ட எல்சிடியைத் திருப்பிக் கொடுத்துருங்க.”

நாளிதழில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். கொடுத்தேன். பையன் அதைப் பிரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, கோடு எதுவும் விழுந்திருக்கிறதா என்று பார்த்தான். சட்டைத் தும்பால் ஒரு துடை. அப்புறம் கண்ணாடி அலமாரியைத் திறந்து, அதே மாதிரி இருந்த நாலைந்து திரைகளோடு அதையும் அடுக்கினான்.