எஞ்சின் இல்லாத விமானத்துக்கு ஏன் இவ்வளவு செலவு?

கிளைடர் ஓட்டக் கற்கத் தொடங்கியதிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்: எஞ்சினும் இல்லை, எரிபொருளும் இல்லை, பிறகு பணம் எங்கே போகிறது? கேள்வி நியாயமானது. தானாக மேலேற முடியாத ஒன்றை ஒவ்வொரு முறையும் வேறொன்று மேலே கொண்டு சேர்க்க வேண்டியிருக்கிறது. கற்பவர் செலுத்தும் தொகையில் கணிசமான பங்கு, அந்த முதல் சில நிமிடங்களுக்கே போய்விடுகிறது.

மேலேற்றுவதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் உண்டு. தரையில் நிற்கும் வின்ச் என்னும் இழுவை இயந்திரம் ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளக் கம்பியை வேகமாகச் சுருட்ட, அதன் மறுமுனையில் கோர்த்த கிளைடர் ஒரு நிமிடத்துக்குள் 300 அல்லது 400 மீட்டர் உயரத்தை எட்டிவிடும். இதற்குக் கட்டணம் குறைவு. எஞ்சின் உள்ள விமானம் ஒன்று கயிறு கட்டி 600 மீட்டர் வரை இழுத்துச் செல்வது மற்றொரு வழி. அந்த விமானத்தின் எரிபொருளும் பராமரிப்பும் கிளைடர் மாணவரின் கணக்கில் ஏறுவதால், இதற்குப் பல மடங்கு அதிகமாகும்.

மலிவான வழியைத் தேர்ந்தால் போதுமே என்று நானும் எண்ணினேன். விதிமுறை குறுக்கிடும் இடம் அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் கிளைடர் உரிமத்துக்குக் குறைந்தது 15 மணி நேரப் பறப்புப் பயிற்சியும் 45 மேலேற்றங்களும் தேவை. வின்ச்சில் ஏறி, கிளைடரை மேலே தூக்கும் வெப்பக் காற்று கிடைக்காமல் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினால் ஆறு நிமிடம்தான் கணக்கில் சேரும். அந்த வேகத்தில் 45 மேலேற்றங்கள் எளிதில் முடிந்துவிடும். 15 மணி நேரத்துக்கோ 150 மேலேற்றங்கள் வேண்டும். வெப்பக் காற்று நிறைந்த நண்பகல் பொழுது பயிற்றுநரோடு வாய்த்தால் ஒரே பறப்பில் ஒரு மணி நேரம் சேர்ந்துவிடும், ஆனால் அந்தப் பொழுதுக்காகவே வரிசையில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் புதியவர் தனியார் கிளைடர் உரிமம் பெற 10 மணி நேரமும் 20 பறப்புகளும் போதும். மணிக்கணக்கை ஐரோப்பாவும் அந்த அளவுக்குக் குறைத்து, திறமையைப் பயிற்றுநரின் மதிப்பீட்டுக்கும் தேர்வுக்கும் விடலாம் என்பது என் உறுதியான கருத்து.

பணத்தைவிடக் கடினமான விலை நேரம். என் முதல் பருவத்தில் காலை எட்டு மணிக்குக் களத்துக்குப் போய், கூடாரத்திலிருந்து கிளைடர்களைத் தள்ளி வந்து, இறக்கைமுனையைப் பிடித்து ஓடி, கம்பியை மீட்டு, மாலையில் திரும்பும்போது பதிவேட்டில் மூன்று பறப்புகளும் மொத்தம் இருபது நிமிடங்களும் இருக்கும். பல கிளப்புகளில் பயிற்றுநர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். அனைவரும் உழைப்பதனால்தான் கட்டணம் இந்த அளவிலாவது நிற்கிறது என்பதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் வார இறுதியில் முழு நாளை ஒதுக்க முடியாதவருக்கு, சிறு குழந்தைகளின் தாய்க்கு, விடுமுறை நாளிலும் வேலைக்குச் செல்பவருக்கு, அந்த மலிவுக் கட்டணத்தால் பயனில்லை. மழையாலும் பலத்த காற்றாலும் இரண்டு வாரம் இடைவெளி விழுந்தால், கற்றதில் பாதியை மீண்டும் பணம் கொடுத்துக் கற்க வேண்டியிருக்கிறது.

வயது விதி, வியக்கும்படி, தாராளமானது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 14 வயதில் தனியாகப் பறக்கலாம், 16 வயதில் உரிமம் பெறலாம். மருத்துவச் சான்று அப்படியல்ல. அமெரிக்காவில் கிளைடர் விமானிக்கு அது தேவையே இல்லை. பறக்கக் கூடாத உடற்குறை இருப்பதை அறிந்தால் பறக்காமலிருப்பது அவர் பொறுப்பு. ஐரோப்பாவில் முதல் தனிப் பறப்புக்கு முன்பே மருத்துவரின் சான்று வேண்டும், 40 வயதைக் கடந்தவர் அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். நடுவயதில் பழைய கனவோடு வருபவர்களில் சிலர் இந்தப் படியிலேயே தயங்கி நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கற்பவரின் கண்ணில் நேரடியாகப் படாத விதிகளும் உண்டு. ஐரோப்பாவில் 2018 முதல் விமான வானொலிகளுக்கு அலைவரிசைகளுக்கிடையே 8.33 கிலோஹெர்ட்ஸ் என்ற குறுகிய இடைவெளி கட்டாயமானபோது, நன்றாக இயங்கிய பழைய வானொலிகளையும் மாற்ற வேண்டி வந்தது. பெரிய விமான நிறுவனத்துக்கு அது சிறு தொகை. நான்கைந்து கிளைடர்களை வைத்திருக்கும் கிளப்புக்கு, உறுப்பினர் சந்தாவை உயர்த்தும் அளவுக்குப் பெரிய தொகை. ஆண்டுதோறும் வரும் பறப்புத் தகுதிச் சோதனை வேறு. ஆயினும் இந்தச் சோதனையின் செலவில் ஒரு காசும் குறைக்கச் சொல்ல மாட்டேன். 1979-இல் முதன்முதலாகப் பறந்த ஏ.எஸ்.கே. 21 வகைக் கிளைடர்கள் இன்றும் மாணவர்களைச் சுமந்து பத்திரமாகப் பறப்பதற்கு, அவற்றின் ஒவ்வொரு இணைப்பையும் யாரோ பொறுமையாகப் பார்த்ததே காரணம்.

இந்த விளையாட்டே ஒரு தடையின் நிழலில் வளர்ந்தது என்பதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1919-ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியின் எஞ்சின் விமானங்களைக் கட்டுப்படுத்தியது. அடுத்த ஆண்டே அங்குள்ள இளைஞர்கள் வாசர்குப்பே மலைச்சரிவில் கிளைடர் போட்டி நடத்தினார்கள். எஞ்சினும் பெரும் பணமும் இல்லாதவர்கள் தாங்களே கட்டிப் பறந்த கலை இது.

சேர நினைப்பவர்கள் கிளப்பின் சந்தா எவ்வளவு என்பதை மட்டும் கேட்டு நின்றுவிட வேண்டாம். ஒரு பயிற்சி நாளில் இரட்டை இருக்கைக் கிளைடர் ஒன்றுக்கு எத்தனை மாணவர்கள் காத்திருப்பார்கள், முதல் தனிப் பறப்பு வரை ஒரே தொகையாகக் கட்டும் வழி உண்டா, வார நாட்களில் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். நான் சந்தாவை மட்டும்தான் கேட்டேன். தனியாகப் பறக்க எனக்கு இரண்டு பருவங்கள் ஆயின.