மூன்று இரவும் ஒரு புள்ளியும்: ஜெல்லிஃபினில் லைவ் டிவி வைத்த கதை

ஒருவழியாக ஓடுகிறது. நேற்று இரவு எட்டு மணிக்கு அப்பா ரிமோட்டை எடுத்தார், கைடை, அதாவது நிகழ்ச்சி அட்டவணையைத் திறந்தார், செய்தி என்று போட்டிருந்த கட்டத்தை அமுக்கினார், செய்தியே வந்தது. இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் இதை வைத்துப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

வீட்டு சர்வரில் ஏற்கனவே ஜெல்லிஃபின் என்ற இலவச மீடியா சர்வர் மென்பொருளை வைத்துப் படமும் பாட்டும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன், அதனால் நிறுவும் கதைக்குள் போகவில்லை. இதே வேலையைச் செய்யும் ப்ளெக்ஸ் என்ற மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அது எம்3யு பட்டியலை (சேனல் பெயர்களும் முகவரிகளும் உள்ள கோப்பு) நேரடியாக வாங்கிக்கொள்ளாது, நடுவில் திரெட்ஃபின் மாதிரி ஒன்றை உட்கார வைத்து, அது ஹெச்டிஹோம்ரன் என்ற டிவி டியூனர் கருவி போல வேஷம் கட்ட வேண்டும், லைவ் டிவியைப் பார்த்துப் பதிவு செய்ய ப்ளெக்ஸ் பாஸ் என்ற கட்டணச் சந்தாவும் வேண்டும். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

சேனல் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. டாஷ்போர்டு, லைவ் டிவி, டியூனர், எம்3யு, முகவரியை ஒட்டு, சேமி. அவ்வளவுதான். ஆனால் ஆசை யாரை விட்டது? கிட்ஹப்பில் ஐபிடிவி-ஆர்க் என்று ஒரு திட்டம் இருக்கிறது. பொதுவில் கிடைக்கும் சேனல்களின் சுட்டிகளை மட்டும் தொகுத்து வைத்திருக்கிறார்கள், வீடியோ எதுவும் அவர்களிடம் இல்லை. அந்தப் பட்டியல் முழுவதையும் அப்படியே கொண்டுவந்து கொட்டினேன். ஆயிரக்கணக்கில் சேனல். அதில் பல செத்த சுட்டி, பல வேறு நாட்டுக்குப் பூட்டியவை, கைடு புதுப்பிக்கும் வேலையோ ஓடிக்கொண்டே இருக்கிறது, முடிகிற வழியைக் காணோம். எல்லாவற்றையும் அழித்தேன். ஒரு சேனலுக்கு இரண்டே வரி, மேலே பெயர் விவரம், கீழே முகவரி. சாதாரண எடிட்டரில் திறந்து வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்து, ஒவ்வொன்றையும் விஎல்சி வீடியோ பிளேயரில் ஓட்டிப் பார்த்து, 22 சேனலோடு நிறுத்திக்கொண்டேன். முதலிலேயே இதைச் செய்திருந்தால் ஓர் இரவு மிச்சம்.

அடுத்தது சந்தா கட்டி வாங்கிய சேவையின் சேனல்கள். அதில் மூன்று சேனல் விஎல்சியில் ஜம்மென்று ஓடும், ஜெல்லிஃபினில் வட்டம் சுற்றிவிட்டுப் பிழை காட்டும். உதவி மையத்துக்கு எழுதினேன். "ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடவும்" என்று பதில். போட்டேன். திரும்ப எழுதினேன். இரண்டு நாள் கழித்து, "விஎல்சியில் ஓடுகிறது என்றால் எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை" என்று டிக்கெட்டையே மூடிவிட்டார்கள். ஆத்திரம் தாங்காமல்தான் லாக் பக்கம் போனேன், அங்கே முன்னாலேயே போயிருக்க வேண்டும். ஜெல்லிஃபினுக்காக வீடியோவை எடுத்து வரும் எஃப்எஃப்எம்பெக்கின் லாகில், கடைசியில் 403 (அனுமதி இல்லை) என்று பளிச்சென்று கிடந்தது. அதாவது சுட்டி உயிரோடுதான் இருக்கிறது, கேட்பவரைப் பார்த்துத்தான் கதவைச் சாத்துகிறது. விஎல்சி தன் பெயரைச் சொல்லிக்கொண்டு போகிறது, நம் சர்வர் வேறு பெயரில் போகிறது. டியூனர் அமைப்பில் யூசர் ஏஜென்ட் என்று ஒரு பெட்டி இருக்கிறது, நானும் அதைக் காலியாகத்தான் விட்டிருந்தேன். விஎல்சி அனுப்பும் அதே வாசகத்தை அதில் போட்டதும் மூன்றில் இரண்டு ஓடிவிட்டன. மூன்றாவதன் முகவரியிலேயே டோக்கன் என்ற தற்காலிக அனுமதிக் குறியீடு ஒட்டியிருந்தது, சில மணி நேரத்தில் காலாவதி ஆகிவிடும். அதோடு மல்லுக்கட்டவில்லை, தூக்கிவிட்டேன்.

இதெல்லாம் முன்னுரைதான். என்னை உண்மையில் சாகடித்தது கைடு.

சேனல் ஓடும், ஆனால் எந்தக் கட்டத்திலும் நிகழ்ச்சிப் பெயர் இருக்காது. அப்பா வந்து பார்த்துவிட்டு, "என்னடா, எல்லா சேனல்லயும் ஒண்ணுமே போடலையா?" என்றார். கைடு என்பது எக்ஸ்எம்எல்டிவி கோப்பு, அது சேனல் பட்டியலோடு வராது, தனியாகக் கொடுக்க வேண்டும். தெரியும், கொடுத்தேன். கோப்பைக் காணோம் என்றது. என் ஜெல்லிஃபின் டாக்கர் கன்டெய்னருக்குள், அதாவது கணினிக்குள்ளேயே தனியாக அடைத்த ஒரு பெட்டிக்குள் ஓடுகிறது, நான் கொடுத்ததோ வெளியே என் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் பாதை. உள்ளே இருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? அப்போதாவது புத்தி வந்ததா என்றால் இல்லை. அதே கணினியில் சின்னதாக ஒரு வெப் சர்வர் ஓட்டி லோக்கல்ஹோஸ்ட் முகவரியைக் கொடுத்தேன். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான், வெளியே உள்ள கணினி இல்லை. இது எனக்குத் தெரியாத விஷயமா? வேலையில் இதையே நாலு பேருக்கு விளக்கியிருக்கிறேன், ராத்திரி ஒரு மணிக்கு மறந்துபோகிறது. கடைசியில், ஏற்கனவே கன்டெய்னரோடு இணைத்து (மவுன்ட் செய்து) வைத்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் கோப்பைப் போட்டு, உள்ளிருந்து தெரியும் பாதையைக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டது.

அப்புறமும் கட்டங்கள் காலி. பாதிச் சேனலுக்கு வந்தது, பாதிக்கு வரவில்லை. சேனல் பட்டியலில் டிவிஜி-ஐடி என்று ஒன்று இருக்கும், கைடு கோப்பில் ஒவ்வொரு சேனலுக்கும் ஓர் ஐடி இருக்கும், இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் பொருந்தும். திரையில் இரண்டு கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். ஒன்றில் பெயருக்கும் ஹெச்டிக்கும் நடுவில் ஒரு புள்ளி, மற்றதில் புள்ளி இல்லை. இந்த ஒரு புள்ளிக்காகப் பதினோரு சேனல்! ஜெல்லிஃபினிலேயே கைடு வழங்கியின் பக்கத்தில் உள்ள மெனுவில் சேனலைக் கையால் பொருத்தும் வசதி இருக்கிறது, ஒன்றிரண்டு என்றால் அது போதும். பதினொன்று என்பதால் நான் எம்3யு கோப்பிலேயே திருத்திவிட்டேன். திருத்திய பிறகு கைடு புதுப்பிக்கும் பணியை ஒருமுறை கையால் ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் அது தன் நேரத்துக்குத்தான் ஓடும், நீங்கள் ஏற்கனவே சரியான ஒன்றை இன்னும் சரியாகவில்லை என்று நினைத்து வேறு எதையோ கெடுப்பீர்கள். நான் கெடுத்தேன்.

பெயர்கள் வந்தன. தப்பான நேரத்தில் வந்தன. செய்தி ஓடுகிறது, கைடில் கார்ட்டூன் என்று இருக்கிறது. கன்டெய்னரின் நேர மண்டலத்தை மாற்றினேன், பலனில்லை. கைடு கோப்பைத் திறந்து பார்த்தால், நிகழ்ச்சி தொடங்கும் நேரம் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்று 14 இலக்கமாக இருக்கிறது, அதோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று ஒரு கூட்டலோ கழித்தலோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை யுடிசி நேரம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எக்ஸ்எம்எல்டிவி விதி. கொடுத்தவர்கள் உள்ளூர் நேரத்தை எழுதிவிட்டு அந்த வாலை விட்டுவிட்டார்கள். கையால் ஒட்டினேன், சரியானது, மறுநாள் புதுக் கோப்பு இறங்கியதும் பழையபடி ஆனது. ஆகவே கோப்பை இறக்கி, வாலை ஒட்டி, பிறகு ஃபோல்டரில் வைக்கும் நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி, குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி க்ரானில் போட்டுவிட்டேன். இந்த மூன்று இரவில் நான் பெருமைப்படும் ஒரே வேலை அதுதான்.

டிரான்ஸ்கோடிங் (வீடியோவை, பார்க்கும் கருவிக்கு ஏற்ற வடிவத்துக்கு ஓடும்போதே மாற்றுவது) பற்றி நிறைய எழுதலாம், எனக்குத் தெம்பில்லை. இன்டெல் சிப் என்றால், அந்த வேலையைச் சிப்பே செய்துகொள்ளும் க்விக் சிங் வசதியை இயக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு சேனலுக்கே விசிறி அலறும். இன்னொன்று, டிரான்ஸ்கோடு ஆகும் துண்டுகள் எங்கே போய் விழுகின்றன என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. இரவு டிவியை அணைக்காமல் தூங்கிவிட்டோம், காலையில் சிஸ்டம் டிஸ்க் நிரம்பி ஜெல்லிஃபினே எழுந்திருக்க மறுத்தது. 4 மெகாபிட் வேகம் என்றாலும் மணிக்கு 1.8 ஜிபி, எட்டு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது அந்த ஃபோல்டர் வேறு டிஸ்கில் இருக்கிறது, பழைய துண்டுகளை அழிக்கும் தேர்வையும் போட்டுவிட்டேன்.

நேற்று அப்பா கேட்டதற்காக முதல் பதிவும் வைத்துப் பார்த்தேன். சரியாகத் தொடங்கியது, கடைசி மூன்று நிமிடம் இல்லை. சேனல்காரர்கள் தாமதமாக முடித்திருக்கிறார்கள், கைடு சொன்ன நேரத்துக்கு நம் சர்வர் நிறுத்திவிட்டது. "யார்டா ஜெயிச்சது?" என்று காலையில் கேட்டார். பதிவு அமைப்பில் முடிவுக்குப் பிறகு பத்து நிமிடம் சேர்த்திருக்கிறேன்.