உள்ள நடக்குற வேலை: 14ல இருந்து 28 வாரம் வரைக்கும்

ஜூன் 3 (14 வாரம் 1 நாள்)

வாந்தி நின்னு இன்னையோட ஆறு நாள் ஆச்சு. நிம்மதியா இருக்கணும், எனக்கு என்னவோ பயம்தான் வந்துச்சு. மூணு மாசமா அந்த குமட்டல்தான் உள்ள ஒரு உயிர் இருக்குங்கறதுக்கு எனக்கு இருந்த ஒரே அத்தாட்சி, அதுவும் போனதும் வயிறு சும்மா கெடக்குற மாதிரி ஒரு நெனப்பு. அம்மாகிட்ட சொன்னா "நின்னுச்சேன்னு சந்தோசப்படுடி, இனிமே ஒழுங்கா தூங்கு"ன்னாங்க. மனசு கேக்கல, டாக்டருக்கு போன் போட்டேன். ஆரம்பத்துல எச்.சி.ஜி ஹார்மோன் கிடுகிடுன்னு ஏறும், பத்தாவது வாரம் வாக்குல உச்சிக்கு போயி அப்புறம் இறங்கும், அதுக்குள்ள கர்ப்பத்தை தாங்கிப் பிடிக்கிற வேலைய நஞ்சுக்கொடி கையில எடுத்துக்கும், அதனால இந்த சமயத்துல குமட்டல் குறையறது ரொம்ப பேருக்கு நடக்குறதுதான்னு பொறுமையா சொன்னாங்க. அதாவது எனக்கு அடையாளம் போச்சு, உள்ள வேலை போகல.

அதனாலதான் எழுதலாம்னு தோணுச்சு. எனக்கு தெரியாமலே என்னென்ன நடக்குதுன்னு தேடித் தேடி படிச்சு இங்க குறிச்சு வைக்கப் போறேன்.

முதல்ல கணக்கு. 14 வாரம்னா பாப்பாவுக்கு வயசு 14 வாரம் இல்ல. கடைசியா வந்த மாதவிடாயோட முதல் நாள்ல இருந்து எண்றாங்க, கரு உண்டானது அதுல இருந்து ரெண்டு வாரம் கழிச்சுதான், அப்ப பாப்பா நிஜத்துல 12 வாரத்து ஆளு. உச்சந்தலையில இருந்து புட்டம் வரைக்கும் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் இருக்கும். என் கைய விரிச்சு உள்ளங்கையில வச்சுப் பாத்தேன், அடங்கிடும். இவ்ளோண்டுல கை, கால், விரல், இதயம், கிட்னின்னு அடிப்படை எல்லாம் போட்டாச்சு, இனிமே வளர்றதும் பழகுறதும்தான்.

ஜூன் 17 (16 வாரம் 1 நாள்)

இன்னைக்கு செக்கப். டாப்ளர் வச்சு இதயத் துடிப்பு கேட்டோம். முதல்ல மெதுவா ஒண்ணு கேட்டுச்சு, அது என்னோடது, அப்புறம் கொஞ்சம் நகத்தி வச்சதும் குதிரை ஓடுற மாதிரி தடதடன்னு. நிமிசத்துக்கு 148. 110ல இருந்து 160 வரைக்கும் இருக்கலாமாம். அவரு போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டாரு, வர்ற வழியெல்லாம் அதையே போட்டுக்கிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து பனிக்குடத் தண்ணி எங்க இருந்து வருதுன்னு படிச்சேன். முன்னாடி எல்லாம் அது என் உடம்புல இருந்து ஊறுறதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். ஆரம்பத்துல அப்படித்தான், ஆனா பாப்பாவோட கிட்னி மூணாவது மாசமே வேலைய ஆரம்பிச்சிடுது, இப்ப இந்த வாரங்கள்ல இருந்து பனிக்குடத் தண்ணியில பெரும்பங்கு பாப்பா பெய்யிற மூத்திரம்தான். அதையே குடிக்குது, குடல் உறிஞ்சுது, திரும்ப கிட்னி வழியா வெளிய விடுது, இப்படியே சுத்திக்கிட்டு இருக்கு. கழிவு எல்லாம் தொப்புள்கொடி வழியா என் ரத்தத்துக்கு வந்து நான் வெளியேத்திடறதால அந்த மூத்திரம் நம்மது மாதிரி இல்ல, கிட்டத்தட்ட தண்ணிதான். பனிக்குடத் தண்ணி ரொம்ப கம்மியா இருந்தா டாக்டருங்க உடனே பாப்பாவோட கிட்னிய பாக்கிறது ஏன்னு இப்பதான் புரியுது.

ஜூன் 29 (17 வாரம் 6 நாள்)

கைரேகை! விரல் நுனியில சின்னச் சின்ன மேடு மாதிரி வீங்கி இருக்குமாம், அது வத்திக்கிட்டே வர்ற நேரத்துல தோலோட உள் அடுக்கு மடிஞ்சு மடிஞ்சு ரேகையாகுது. மேடு எவ்ளோ உயரம், எப்ப வத்துச்சு, தோல் எப்படி இழுபட்டுச்சுங்கறதை எல்லாம் பொறுத்து ரேகை அமையுது, அதனாலதான் ஒரே கருவுல பொறந்த இரட்டைப் புள்ளைங்களுக்கும் ரேகை வேற வேற. இந்த வாரத்தோட அந்த அமைப்பு ஏறக்குறைய முடிவாயிடுது, ஆயுசுக்கும் மாறாது. இன்னைக்கு பூரா என் கட்டை விரலையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஜூலை 9 (19 வாரம் 2 நாள்)

எழுதவே பிடிக்கல. போன் பண்றவங்க எல்லாம் "அசைவு தெரியுதா"ன்னு கேக்குறாங்க. அக்காவுக்கு ரெண்டாவதுல 16வது வாரமே தெரிஞ்சுதாம். கூட வேலை பாக்குற ஒருத்தங்க எனக்கு ஒரு வாரம் பின்னாடி, முதல் பாப்பாதான், அவங்களுக்கே தெரியுது. எனக்கு ஒண்ணும் இல்ல. ராத்திரி மல்லாந்து படுத்து மூச்ச அடக்கி வயித்த கவனிக்கிறேன், குடல் உருள்றது தெரியுது, என் நாடி துடிக்கிறது தெரியுது, பாப்பா தெரியல. முதல் தடவைன்னா 18ல இருந்து 20 வாரம், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும்னு படிச்சிருக்கேன்தான். படிச்சது தலையில நிக்குது, மனசுக்கு இறங்கல.

ஜூலை 15 (20 வாரம் 1 நாள்)

அனாமலி ஸ்கேன் முடிஞ்சுது. முக்கால் மணி நேரம்.

பாப்பா நல்லா இருக்கு. இதை முதல்ல எழுதிடறேன்.

இது படம் காட்டுற ஸ்கேன் இல்ல, ஒவ்வொரு உறுப்பா எடுத்து சோதிக்கிற ஸ்கேன், 18ல இருந்து 22 வாரத்துக்குள்ள பாக்குறாங்க ஏன்னா அதுக்கு முன்னாடி இதயம் ரொம்ப சின்னது, ரொம்ப பிந்திட்டா எலும்பு கெட்டியாகி நிழல் விழ ஆரம்பிக்கும். தலை சுத்தளவு, மூளைக்குள்ள இருக்குற அறைகள், மேலுதடு பிளவு இல்லாம சேந்திருக்கா, முதுகெலும்பு கழுத்துல இருந்து கீழ வரைக்கும் மூடியிருக்கா, வயித்துப்பை, ரெண்டு கிட்னி, தொடை எலும்பு நீளம். முதுகெலும்பு முத்து கோத்த மாதிரி வரிசையா வெள்ளையா தெரிஞ்சுது, அதுல ஒரு நிமிசம் எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. சராசரியா இந்த வாரத்துல தலையில இருந்து குதிகால் வரைக்கும் 25 சென்டிமீட்டர், எடை 300 கிராம் சொச்சம்.

இதயத்துக்குத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. நாலு அறையும் தெரிஞ்சுது. மேல் அறை ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஓட்டை, நான் பயந்துட்டேன், ஸ்கேன் பாத்த டாக்டர் "அது இருக்கணும்மா, இல்லைன்னாதான் கவலை"ன்னாங்க. உள்ள காத்து கிடையாது, நுரையீரல்ல தண்ணிதான் நெறஞ்சிருக்கு, ஆக்சிஜன் மொத்தமும் என்கிட்ட இருந்து தொப்புள்கொடியில இருக்குற ஒரு சிரை வழியா போகுது, கழிவு ரெண்டு தமனி வழியா திரும்பி வருது. அதனால ரத்தம் நுரையீரலுக்கு சுத்திப் போக வேண்டிய அவசியம் இல்ல, இந்த ஓட்டை வழியா குறுக்குப் பாதையில தாண்டிடுது. பொறந்து முதல் மூச்சு இழுத்ததும் நுரையீரலுக்கு ரத்தம் பாயும், அழுத்தம் மாறி அந்த ஓட்டை மேல ஒரு மடல் கதவு மாதிரி சாத்திக்கும். கதவை முன்கூட்டியே செஞ்சு வச்சுட்டு, சாத்தாம காத்துக்கிட்டு இருக்கு.

அப்புறம் திரையில பாப்பா காலை நீட்டி ஒரு உதை விட்டுச்சு. நல்லா பாத்தேன், உதைச்சுது. எனக்கு ஒண்ணுமே தெரியல! அப்பவே கேட்டுட்டேன். டாக்டர் திரையில ஒரு இடத்தை காட்டுனாங்க, நஞ்சுக்கொடி முன்பக்கமா, என் வயித்து தோலுக்கும் பாப்பாவுக்கும் நடுவுல மெத்தை போட்ட மாதிரி ஒட்டியிருக்கு. உதை எல்லாம் அந்த மெத்தை மேல விழுது. இத்தன நாள் நான் மல்லாந்து படுத்து மூச்சடக்கி காத்திருந்தப்ப எல்லாம் அது உள்ள ஆடிக்கிட்டுதான் இருந்திருக்கு. நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழயும் இறங்கி இருக்காம், ஆனா வயிறு வளர வளர கர்ப்பப்பையோட கீழ்ப்பகுதி இழுபட்டு பெரும்பாலானவங்களுக்கு மேல போயிடும், 32 வாரத்துல திரும்ப பாக்கலாம்னாங்க.

இந்த ஸ்கேன் எப்படி வந்துச்சுன்னும் பாத்தேன். கிளாஸ்கோவுல இயன் டொனால்டுங்கற டாக்டர், இரும்புல விரிசல் இருக்கான்னு கண்டுபிடிக்க தொழிற்சாலையில வச்சிருந்த ஒலி அலை மிஷின பாத்துட்டு அதையே உடம்புக்கு திருப்பி, 1958ல லான்செட் பத்திரிகையில எழுதியிருக்காரு. எங்க பாட்டி அம்மாவ சுமந்தது அதுக்கு அப்புறம்தான், ஆனா அவங்களுக்கு இதெல்லாம் எட்டவே இல்ல. ஒன்பது மாசமும் பாக்காமலே சுமந்திருக்காங்க.

ஜூலை 18 (20 வாரம் 4 நாள்)

தூக்கம் வரல, பாட்டி நெனப்பாவே இருக்கு.

பாப்பா ஒருவேளை பொண்ணா இருந்தா, இந்த நேரத்துல அது சினைப்பையில 60, 70 லட்சம் கருமுட்டை இருக்கும். ஆயுசுலயே அதிகமா இருக்குறது இந்த அஞ்சாவது மாசத்துலதான், பொறக்கும்போதே பத்து இருவது லட்சமா குறைஞ்சிடும். அப்படின்னா நான் எந்த முட்டையில இருந்து வந்தேனோ அது எங்க அம்மா பாட்டி வயித்துல இருந்தப்பவே உண்டாயிடுச்சு. நான் பாட்டி வயித்துல இருந்திருக்கேன். பாதி ராத்திரியில அம்மாவ எழுப்பி சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "எங்கம்மாவுக்கு இது தெரிஞ்சிருந்தா உன்ன இன்னும் தூக்கி வச்சிருப்பா"ன்னாங்க.

ஜூலை 30 (22 வாரம் 2 நாள்)

தெரிஞ்சுது.

சாயங்காலம் நாற்காலியில சும்மா உக்காந்திருந்தேன், அடிவயித்துல இடது ஓரமா, நஞ்சுக்கொடி முடியிற இடம்னு நெனக்கிறேன், உள்ள இருந்து ஒரு தட்டு. அசையாம இருந்தேன். திரும்ப ரெண்டு. பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க, எனக்கு அப்படி இல்ல, மூடுன கதவை யாரோ ஒரு விரலால தட்டுற மாதிரி இருந்துச்சு. அவரு வர்றதுக்குள்ள நின்னுடுச்சு.

ஆகஸ்ட் 12 (24 வாரம் 1 நாள்)

24 வாரம். எடை 600 கிராம் வாக்குல. சீக்கிரமே பொறந்துட்டா பிழைக்குமோங்கற பயத்துல இந்த நாளுக்காக மனசுக்குள்ள காத்துக்கிட்டு இருந்தேன், வெளிய சொல்லல. அக்காவோட பெரியவன் 27 வாரத்துலயே பொறந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள குழாயோட அவன் கெடந்தது என் கண்ணுக்குள்ளயே நிக்குது. அதனால நுரையீரல் பத்தி மட்டும் கொஞ்சம் ஆழமா படிச்சேன்.

16வது வாரத்துல இருந்தே மூச்சுக்குழாய் கிளை கிளையா பிரிஞ்சு அதை ஒட்டி ரத்த நாளம் படர ஆரம்பிக்குது. காத்தே இல்லாம நெஞ்சை ஏத்தி இறக்கி மூச்சுப் பழக்கமும் நடக்குது, தண்ணியத்தான் இழுத்து விடுது. 24 வாரம் வாக்குல சில செல்லுங்க சர்ஃபாக்டன்ட்ங்கற வழவழப்பான பொருளை ஊற வைக்க ஆரம்பிக்கும். அது இல்லைன்னா ஒவ்வொரு தடவை மூச்சு விடும்போதும் காத்துப்பைங்க ஈரக் காகிதம் மாதிரி ஒட்டிக்கும், திரும்ப விரிக்க அந்த சின்ன உடம்புக்கு தெம்பு பத்தாது. குறைமாசப் புள்ளைங்க மூச்சுக்கு திணறுறது இந்தப் பொருள் பத்தாததாலதான்னு 1959ல மேரி எலன் ஏவரிங்கற டாக்டரம்மா, ஜெரி மீட் கூட சேந்து காட்டுனாங்க. அப்புறம் நியூசிலாந்துல லிக்கின்ஸ்ங்கறவரு ஆட்டுல ஆராய்ச்சி பண்றப்போ, ஸ்டீராய்டு குடுத்து சீக்கிரமே பொறந்த குட்டிங்க எதிர்பாத்ததுக்கு மாறா மூச்சு விடுறத கவனிச்சு, ஹோவிங்கற டாக்டரோட சேந்து தாய்மாருக்கு ஊசி போட்டுப் பாத்து 1972ல எழுதுனாரு. எங்க அக்காவுக்கு பிரசவத்துக்கு முன்னாடி 24 மணி நேர இடைவெளியில ரெண்டு ஊசி போட்டாங்களே, அது இதுதான். அன்னைக்கு எதுக்கு போடுறாங்கன்னு கூட எங்களுக்கு தெரியல. அந்தப் பையன் இப்ப மூணாவது படிக்கிறான், சாயங்காலம் முழுக்க மூச்சிரைக்க ஓடுறான். அக்காவுக்கு போன் பண்ணி இதை சொன்னேன், ரெண்டு பேரும் அழுதுட்டோம்.

ஆகஸ்ட் 20 (25 வாரம் 2 நாள்)

சுகர் டெஸ்ட். இனிப்புத் தண்ணி குடிச்சுட்டு காத்திருக்கிறது, குமட்டிடுச்சு. என் ரத்தத்துல இருக்குற சர்க்கரை பாப்பாவுக்கு தாண்டிப் போகும், என் இன்சுலின் போகாது, அதனால எனக்கு ஏறுனா பாப்பா தன் கணையத்துல இருந்தே கூடுதலா சுரந்து அளவுக்கு மீறி பெருக்கும், அதுக்குத்தான் 24ல இருந்து 28 வாரத்துக்குள்ள பாக்குறாங்க. ரிசல்ட் நார்மல்.

ஆகஸ்ட் 27 (26 வாரம் 2 நாள்)

காத்துல கதவு படார்னு சாத்துச்சு, நானும் அதிர்ந்தேன், அதே நொடி உள்ளயும் ஒரு துள்ளல். காது கேக்குது!

காதுக்குள்ள அமைப்பு எல்லாம் முன்னாடியே தயாராயிடும், ஆனா சத்தத்துக்கு பதில் காட்டுறது இந்த வாரங்கள்லதான் ஆரம்பிக்கும். தண்ணி, தசை எல்லாம் தாண்டிப் போறதால கீச்சுக் குரல் மங்கிடும், கட்டைக் குரல் நல்லா போகும். என் குரலுக்கு மட்டும் தனி வழி, காத்துல போறது போக என் எலும்பு, தசை வழியாவும் அதிர்ந்து உள்ள போகுது. பொறந்து மூணு நாள் கூட ஆகாத புள்ளைங்க அம்மா குரலை கேக்கறதுக்காகவே சூப்புற வேகத்தை மாத்திக்குதுன்னு 1980லயே டிகாஸ்பர், ஃபைஃபர்னு ரெண்டு பேரு கண்டுபிடிச்சிருக்காங்க.

அவரு தெனம் ராத்திரி வயித்துகிட்ட வாய வச்சு அன்னைக்கு ஆபீஸ்ல நடந்ததை பூரா சொல்றாரு. பாப்பாவுக்கு என்ன புரியும்னு நான் கேக்கல. கட்டைக் குரல், நல்லா போகும்.

செப்டம்பர் 6 (27 வாரம் 5 நாள்)

நாளைக்கு மறுநாள் 28. எடை ஒரு கிலோவ நெருங்கிடுச்சு. மூணாவது மாசம் ஒட்டுன இமை இப்பதான் பிரிஞ்சு கண்ணைத் திறந்து மூடுது. உடம்பு பூரா பூனைமுடி, அது மேல வெள்ளையா வெண்ணெய் தடவுன மாதிரி ஒரு பூச்சு, மாசக்கணக்கா தண்ணியில கெடக்குற தோலுக்கு அதுதான் காப்பு.

இப்பெல்லாம் அசைவுக்கு ஒரு நேரம் இருக்கு. இருவது நாப்பது நிமிசம் தூங்குது, அப்புறம் முழிக்குது, நான் படுத்தா ஆட்டம் ஜாஸ்தி. டாக்டர் ஒண்ணு அழுத்திச் சொன்னாங்க, இனிமே பாப்பாவோட வழக்கம் எனக்கு தெரியணும், அது குறைஞ்ச மாதிரி இருந்தா நஞ்சுக்கொடி முன்பக்கம்தானேன்னு சமாதானம் பண்ணிக்காம, விடியட்டும்னு காத்திருக்காம அப்பவே கிளம்பி வரணும். இதை பெருசா எழுதி படுக்கை பக்கத்துல ஒட்டியிருக்கேன், இப்படி முன்பக்கமா இருக்குறவங்க யாராவது படிச்சா அவங்களும் மனசுல வச்சுக்கங்க.

இன்னைக்கு ராத்திரி ஒரே இடத்துல, ஒரே தாளத்துல டிக் டிக்னு. விக்கல். அவரு கைய எடுத்து அந்த இடது ஓரத்துல வச்சேன். இத்தன நாள் அவரு கை வச்சப்ப எல்லாம் நின்னு போனது இன்னைக்கு நிக்கல. பதினேழு எண்ணுனாரு, அதுக்கு மேல எண்ண முடியலன்னு சொல்லிட்டு கைய மட்டும் எடுக்காம உக்காந்திருந்தாரு.

இப்ப அடங்கிடுச்சு, தூங்குது போல. நானும் ஒருக்களிச்சு படுக்கிறேன்.