மூன்றாவது கல்

ஏற்காட்டில் எங்கள் வீட்டுத் தோட்டச் சுவர் இடுப்பளவு உயரம்தான். செங்கல் கட்டு, தலையில் பலகைக்கற்கள். மழைத்தண்ணீர் இடுக்கில் இறங்கி இறங்கி, அடியிலிருந்த பழைய சாந்து பொடியாகிவிட்டது. நாலு கல் ஆடியது. கேட்டிலிருந்து மூன்றாவதுதான் மோசம். காக்கா உட்கார்ந்தாலே "டொக்".

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது கண்ணு, உனக்கென்ன பண்ணுது?" என்றார் அம்மா. யார் கேட்டார்கள்?

கடையில் 50 கிலோ சிமென்ட் மூட்டையைக் காட்டினார்கள். உதிரியாக 5 கிலோ கேட்டேன். "எலி வளை அடைக்கவா சார்?" என்றார் கடைக்காரர். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

கலவை போடுவது தோசைமாவு கரைப்பது போலத்தான் என்று நினைத்திருந்தேன். கெட்டியாக இருந்ததால் தண்ணீர் விட்டேன். ரசமாகிவிட்டது. மணல் போட்டேன். அப்புறம் சிமென்ட், மறுபடி தண்ணீர். கடைசியில் நாலு கல்லுக்கு வேண்டியதைப் போல மூன்று மடங்கு சேர்ந்துவிட்டது. ரசமட்டம் இல்லை, பாதி தண்ணீரோடு ஒரு பாட்டிலைப் படுக்கவைத்து மட்டம் பார்த்தேன். இந்த யோசனைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை. "டொக்."

பக்கத்துத் தோட்டத்தில் வேலைக்கு வந்திருந்த கொத்தனார் எட்டிப் பார்த்தார். கல்லை இரண்டு கையாலும் தூக்கினார். நான் போட்ட சாந்து கல்லிலும் ஒட்டாமல் சுவரிலும் ஒட்டாமல் தனியாக, முழுசாக, அடை மாதிரி வந்தது.

"பழைய சாந்தைச் சுரண்டுனீங்களா?"

"இல்லைங்க."

"செங்கல்லுக்குத் தண்ணி காட்டுனீங்களா?"

"இல்லைங்க."

"அதுக்குத் தாகம் சார். உங்க கலவையில இருந்த தண்ணிய அதுவே குடிச்சிருச்சு. அப்புறம் எங்க பிடிக்கும்?"

மறுபடி முதலிலிருந்து. உளியால் பழையதைக் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தூசியைக் கழுவி, செங்கல்லை நனைத்தோம். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு 4 பங்கு மணல், அரை மணி நேரத்தில் தீருகிற அளவுக்கு மட்டும். கல்லை வைத்துக் கரண்டிப் பிடியால் தட்டித் தட்டி இறக்கினார். தண்ணீர் தேங்காமலிருக்க வெளிப்பக்கம் லேசான சரிவு. என் பாட்டிலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இடுக்கெல்லாம் அடைத்து, ஈரச்சாக்கு போர்த்தி, "7 நாள் காயவிடாதீங்க. பனிமூட்டம் பார்த்துக்கும்னு சும்மா இருந்துறாதீங்க" என்றார்.

எட்டாம் நாள் சாக்கை எடுத்துவிட்டு மூன்றாவது கல்மேல் ஏறி நின்றேன். மலை மாதிரி நின்றது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம் தெரியவில்லை.

மறுநாள் காலை சமையலறை ஜன்னலோரம் வைத்திருந்த ஒரு சீப்பு வாழைப்பழம் காணோம். சில்வர் ஓக் மரத்தில் ஒரு குரங்குக் குடும்பம் நிதானமாகத் தோலுரித்துக்கொண்டிருந்தது.

"தினமும் அந்தச் சுவத்து மேலதான் வரும். டொக்குனு கேட்டதும் ஜன்னலச் சாத்திருவேன்" என்றார் அம்மா. "இப்ப சத்தமில்லாம வந்துட்டுப் போகுது. அந்த மூணாவது கல்ல மட்டும் கொஞ்சம் நெம்பி விட்டுரு கண்ணு."

உளியும் சுத்தியலுமாக அரை மணி நேரம் போராடிவிட்டேன். அசையவில்லை. கொத்தனாரிடம் கேட்டால், அதற்குக் கூலி தனியாம்.