குமிழி நடுவில் நிற்கவில்லை

போன கிழமை, இங்கிலாந்தில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு, குளியலறையில் கைபிடிக் கம்பி பூட்ட ஒருவர் வந்திருந்தார். அவர் சுவரில் அடையாளம் போடும்போதே வலப்பக்கம் தாழ்ந்திருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. சொன்னேன். மட்டம் பார்க்கும் ஸ்பிரிட் லெவலை வைத்துப் பார்த்தார்; குமிழி நடுவில் நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். பின்னால் நின்ற மேற்பார்வையாளர், "அது உங்கள் வேலை இல்லையே, ஏழாம் அறைக்குத் தேநீர் கொடுத்தாயிற்றா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் அன்றே மறந்திருப்பேன். அன்பாகக் கேட்டதுதான் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

யாழ்ப்பாணத்தில் அதுதான் என் வேலை. ஒரு ஒப்பந்தக்காரரிடம் ஆறு வருடம் தொழினுட்ப உத்தியோகத்தராக இருந்தேன். 2021இல் ஆயிரம் ரூபாய்க்குக் கிட்ட நின்ற சீமெந்துப் பை அடுத்த வருடமே மூவாயிரத்தைத் தொட்டது. 200 ரூபாயாக இருந்த டொலர் 360ஐத் தாண்டியது. 2022 ஏப்ரல் 12, வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்த அன்று, கொக்குவிலில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீட்டு வேலையில் நின்றோம். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பியிருந்தது. "கொஞ்ச நாள் நிப்பாட்டுவம் தம்பி" என்றார். அந்த வீட்டுத் தூண்களின் கம்பி மழையில் துருப்பிடித்ததை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே சைக்கிளில் போனேன். மோட்டார் சைக்கிளுக்குத்தான் பெட்ரோல் இல்லையே.

அப்புறம் எல்லோரும் கிளம்பினார்கள். அந்த வருடம் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். அரச ஊழியர்கள் 5 வருடம் சம்பளமில்லா விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கமே சொன்னது. என்னோடு வேலை செய்த மேசன் அண்ணை ருமேனியாவுக்குப் போனார். சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டை நூலில் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணை மூடினாரென்றால் அந்தச் சுவரில் பிழை பிடிக்க முடியாது. பராமரிப்பு வேலைக்கு இங்கிலாந்து விசா திறந்திருந்தது. நான் இங்கே வந்தேன்.

இந்த வேலையைக் குறைவாக நினைக்கவில்லை. ஒரு மனிதரை நோகாமல் புரட்டிப் படுக்கவைப்பதும் கைத்தொழில்தான், அதையும் படித்துத்தான் செய்கிறேன். ஏழாம் அறை ஐயா ஐம்பது வருடம் செங்கல் கட்டியவர். நான் யார் என்று தெரிந்த நாளிலிருந்து, சவரம் செய்துவிடும்போதெல்லாம் எனக்குப் பரீட்சை வைப்பார். ஜன்னலுக்கு வெளியே தெரியும் பழைய மதிலைக் காட்டி, "அது என்ன கட்டு?" என்பார். ஒரு கல் நீளமாக, ஒரு கல் குறுக்காக, ஒரே வரியில் மாறி மாறி. "பிளெமிஷ் பொண்ட்" என்பேன். முகத்தில் நுரையோடு கைதட்டுவார். டிப்ளோமா வகுப்பில் படம் கீறிப் படித்த கட்டு அது.

விசா ஒரே முதலாளியோடு கட்டிவைத்திருக்கிறது. கட்டுமான வேலைக்கு மாற வேண்டுமென்றால், அங்கே ஒருவர் எனக்கு ஸ்பொன்சர் கொடுத்து, விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். எழுதிய இடமெல்லாம், இந்த நாட்டு அனுபவம் உண்டா என்று கேட்கிறார்கள். சுவர் எந்த நாட்டிலும் நேராகத்தானே நிற்க வேண்டும்!

மூன்று குளிர்காலம் கண்டாயிற்று. பஸ் நேரமெல்லாம் மனப்பாடம். சரி, பழகிவிட்டது என்றிருந்தேன். நேற்று அம்மா வாட்சப்பில் எடுத்தார்.

"மதில் சரிஞ்ச மாதிரிக் கிடக்குது தம்பி. ஊரில மேசன்மாரே இல்லை."

படத்தை அனுப்பினார். சாய்வு கமராவிலா மதிலிலா என்று பிடிபடவில்லை. ஒரு நூலில் பூட்டைக் கட்டி, மதில் உச்சியிலிருந்து தொங்கவிடச் சொன்னேன்.

"ஆடுது தம்பி."

"நிற்கட்டும் அம்மா, பொறுங்கோ."

இடைவேளை முடிய நாலு நிமிடம் இருந்தது. திரையில் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.